கலவரம் ஓயாத ஊரில் தன்னார்வப் பள்ளி நடத்த வருகிறவர்களுக்கு

பதற்றமான பகுதிக்குப் பாடம் சொல்லித்தர வருகிறவர்கள் கையில் பாடத்திட்டத்தோடு வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். எந்த வகுப்புக்கு எந்தப் பாடம், எத்தனை வாரத்தில் முடிப்பது என்று எல்லாம் எழுதி வைத்திருந்தேன். முதல் வாரத்திலேயே ஒரு மதியம் சாலையை மறித்துவிட்டார்கள். பிள்ளைகள் எந்த வழியாகப் போவது, யாரோடு அனுப்புவது, போய்ச் சேர்ந்தார்களா என்று யாரைக் கேட்பது, எதற்கும் என்னிடம் பதில் இல்லை. எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அது எனக்கு உறுதியாகத் தெரிந்தது மறுநாள் காலையில்தான். அந்த இரவுக்குப் பிறகு பள்ளியின் வேலைகளை வேறு வரிசையில் அடுக்கினேன். பிள்ளை வீடு போய்ச் சேர வேண்டும். நாளை திரும்பி வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

திறப்பதற்கு முன்

உங்களைக் கூப்பிட்டது யார் என்று முதலில் பாருங்கள். ஊரில் ஒரு தரப்பு மட்டும் கூப்பிட்டிருந்தால், முதல் நாளே நீங்கள் அந்தத் தரப்பின் ஆள் ஆகிவிடுவீர்கள். அப்புறம் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. அதனால் இரண்டு மூன்று வாரம் பள்ளியைத் திறக்காமல் வீடு வீடாகப் போங்கள். சண்டையில் இருக்கும் எல்லாத் தரப்பு வீடுகளிலும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர், கடைசியாக எப்போது பள்ளிக்குப் போனார்கள், எதனால் நின்றார்கள், எந்த நேரத்தில் வெளியே அனுப்பப் பயமில்லை? நெருக்கடிக் காலக் கல்விக்காகப் பன்னாட்டு வலையமைப்பு ஒன்று 2004-ல் வெளியிட்டு, 2010-லும் 2024-லும் புதுப்பித்த குறைந்தபட்சத் தர அளவுகள் இருக்கின்றன. அவையும் ஊர்மக்களின் பங்கேற்பிலிருந்துதான் தொடங்குகின்றன. அனுபவத்தில் அது சரி என்று கண்டிருக்கிறேன்.

ஏழெட்டுப் பேர் கொண்ட பள்ளிக் குழு போதும். அதில் எல்லாத் தரப்பு ஆட்களும் பெண்களும் இருக்க வேண்டும். பிள்ளைகள் வரும் ஒவ்வொரு பாதையிலும் குடியிருக்கும் ஒருவராவது இருக்க வேண்டும். பேச்சில் வல்லவர்களைவிடப் பாதை ஓரத்தில் வீடு உள்ளவர்கள் உங்களுக்கு அதிகம் உதவுவார்கள்.

கல்வித்துறை அலுவலகத்தில் தகவல் கொடுத்து, அனுமதிக்கு என்ன தேவையோ அதைச் செய்துவிடுங்கள். இங்கே படித்த பிள்ளை பிறகு வழக்கமான பள்ளியில் எந்த வகுப்பில் சேரலாம், தேர்வு எழுத முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெற்றோர் இதைக் கட்டாயம் கேட்பார்கள். தெரியாமல் நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

தன்னார்வலர்களைச் சேர்க்கும்போது ஆர்வத்தை மட்டும் பார்த்துச் சேர்க்க வேண்டாம். முன்பு அவர்கள் வேலை பார்த்த இடத்தில் விசாரியுங்கள். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், யாரும் ஒரு பிள்ளையைத் தனியாக அழைத்துப் போகக்கூடாது, அடிக்கக்கூடாது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குழப்பமான ஊரில் பிள்ளைகளைக் கவனிக்கும் கண்கள் குறைவு. தவறான எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு அது வசதி.

இடமும் நிறமும்

எந்தத் தரப்பின் அலுவலகம், காவல் சாவடி, நாற்சந்தி இவற்றுக்கும் பக்கத்தில் வேண்டாம். கூட்டம் கூடும் இடத்துக்கு எதிரிலும் வேண்டாம். இரண்டு வாசல் உள்ள கட்டடமாகப் பாருங்கள். ஒரே வாசல்தான் என்றால், பின்சுவரில் இன்னொரு வாசல் வைக்க முடியுமா என்று குழுவிடம் கேளுங்கள்.

கழிப்பறை இல்லாமல் திறக்காதீர்கள். மனிதநேய உதவிப் பணிக்கான ஸ்பியர் கையேட்டின் கணக்குப்படி 30 பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, 60 ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று. குடிக்கவும் கை கழுவவும் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர். கழிப்பறைக்கு வேண்டிய தண்ணீர் இதில் சேராது. வளர்ந்த பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதற்கு, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவே போதுமான காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுவருக்கு அடிக்கும் வண்ணத்தைக் குழுவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வெளியூர்க்காரருக்கு வெறும் நிறமாகத் தெரிவது உள்ளூரில் கொடியாக இருக்கும். பலகை, ரிப்பன், நன்கொடையாக வரும் பைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பாதுகாப்புக்காகக் கூரையில் செஞ்சிலுவை வரையலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின்படி அது மருத்துவப் பணிக்கும் செஞ்சிலுவை அமைப்புக்கும் உரிய சின்னம். பள்ளிக்கு அதைப் போடுவது சட்டப்படி தவறு. அதோடு, உண்மையான மருத்துவ ஊர்தியைப் பார்க்கிறவர்களின் நம்பிக்கையும் அதனால் குறையும்.

பெயர்ப் பதிவேடு

பல தன்னார்வலர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் இது. உங்கள் வருகைப்பதிவேட்டில் பிள்ளையின் முழுப்பெயர், தந்தை பெயர், தெரு எல்லாம் இருக்கும். அமைதியான ஊரில் அது வெறும் நோட்டு. கலவர ஊரில் யார் எந்தத் தரப்பு, எந்த வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லும் பட்டியல் அது. ஒருநாள் யாராவது வந்து எடுத்துப்போனால் உங்கள் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுங்கள். தினசரி வருகை எண்ணில் மட்டும் இருக்கட்டும். எந்த எண் யார் என்ற பட்டியலை இரண்டு பிரதி எழுதி, பள்ளிக்கு வெளியே இரண்டு நம்பிக்கையான வீடுகளில் வையுங்கள். சாதி, மதம், கட்சி எதையும் எங்கேயும் எழுத வேண்டாம். நன்கொடையாளர்கள் இந்த விவரம் கேட்பார்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் கொடுங்கள். ஏன் என்று விளக்கினால் நல்லவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பாதையை நடந்து பாருங்கள்

பள்ளி திறக்கும் முன் எல்லாப் பாதைகளையும் நீங்களே நடக்க வேண்டும். தனியாக நடக்காமல், அந்தப் பாதையில் வரப்போகும் மிகச் சிறிய பிள்ளையோடு நடங்கள். நீங்கள் இருபது நிமிடத்தில் கடக்கும் தூரம் ஆறு வயதுப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். மிகத் தூரத்துப் பிள்ளை வீடு சேரும்போது இன்னும் ஒரு மணி நேரமாவது வெளிச்சம் இருக்கும்படி பள்ளி விடும் நேரத்தை வையுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் தொடங்கும் நேரம் வரும். பாடவேளை குறைந்தால் குறையட்டும்.

ஒவ்வொரு பாதைக்கும் ஒரு குழு, அதற்கு ஒரு மூத்த பிள்ளை, அவரோடு நடக்க ஒரு பெரியவர். பாதையில் நடுவழி நிற்க இரண்டு வீடுகளைப் பேசி வையுங்கள். ஏதாவது நடந்தால் பிள்ளைகள் ஓடாமல் அந்த வீட்டுக்குள் போய்விட வேண்டும். அந்த வீட்டுக்காரர்களைப் பிள்ளைகள் முன்னமே பார்த்துப் பழகியிருக்க வேண்டும். பெயர் மட்டும் சொல்லிக் கொடுத்தால் பயத்தில் மறந்துவிடுவார்கள்.

வழியில் கிடக்கும் எதையும் தொடக்கூடாது, காலால் உதைக்கக்கூடாது, கல்லெறியக்கூடாது. பார்த்தால் அங்கேயே நின்று, வந்த தடத்திலேயே திரும்பி, பெரியவரிடம் சொல்ல வேண்டும். வெடிக்காமல் கிடக்கும் குண்டு எத்தனை ஆண்டு கழித்தும் வெடிக்கலாம். மண் ஒட்டி, துருப்பிடித்து, பந்து போலவோ டப்பா போலவோ கிடக்கும். பையன்கள்தான் அதிகம் எடுப்பார்கள். வாரம் ஒருமுறை இதைச் சொல்லுங்கள், அலுத்தாலும் சொல்லுங்கள்.

காலையில் திறப்பதா, வேண்டாமா

இந்த முடிவை நூறு பேர் சேர்ந்து எடுக்க முடியாது. ஒருவர் எடுக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு பாதையிலிருந்தும் ஒருவர், விடிந்ததும் குறித்த நேரத்துக்குள் நிலைமையைச் சொல்ல வேண்டும். ஒரு பாதையிலிருந்து தகவல் வரவில்லை என்றால் அந்தப் பாதை அன்று மூடியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தை நிறுத்திவிடுவார்கள், தொலைபேசிக் கோபுரம் வேலை செய்யாது. "தகவல் இல்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்று நினைத்து அனுப்பிய நாட்களில்தான் பிள்ளைகள் நடுவழியில் மாட்டுகிறார்கள்.

ஒரு பாதை மூடினால் பள்ளியை முழுவதும் மூட வேண்டுமா? என் பதில், பெரும்பாலும் வேண்டாம். ஆனால் மூடிய பாதை எப்போதும் ஒரே தரப்பின் பாதையாக இருந்தால் கவனியுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் பள்ளி ஒரு தரப்புப் பள்ளி ஆகிவிடும். அப்போது அந்தப் பக்கத்துக்கு ஒரு தன்னார்வலரை அனுப்பி, ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் அதே பாடத்தை நடத்துங்கள்.

பிள்ளையை அழைத்துப்போக வருகிறவரின் பெயர் உங்களிடம் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர், உறவினரே ஆனாலும், பிள்ளையின் வீட்டோடு பேசிய பிறகுதான் அனுப்ப வேண்டும். மாலையில் ஒவ்வொரு பாதையின் கடைசி வீட்டிலிருந்தும் "வந்துவிட்டார்கள்" என்று தகவல் வர வேண்டும். தொலைபேசி இல்லாத பாதையில் கூடப்போன பெரியவர் திரும்பி வந்து சொல்ல வேண்டும். எல்லாப் பாதையும் முடிந்த பிறகு நேரத்தை எழுதிவிட்டு நீங்கள் கிளம்பலாம்.

வகுப்பு

ஒரு பாடத்தை மூன்று நாளுக்குப் பிரித்தால் மூன்றாம் நாள் பள்ளி இருக்காது. எதை எடுத்தாலும் அன்றே தொடங்கி அன்றே முடியும்படி அமையுங்கள். நேற்று வராத பிள்ளைக்கும் இன்று புரிய வேண்டும்.

வயது பார்த்துப் பிரிக்காதீர்கள். இரண்டு ஆண்டு பள்ளிக்கே போகாத பதினோரு வயதுப் பையன் உங்களிடம் இருப்பான். இந்தியாவில் பிரதம் அமைப்பு வளர்த்தெடுத்த முறை இதற்கு நன்றாக உதவும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை இதில் எதுவரை படிக்க முடிகிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் ஆகும். அந்த நிலைப்படி குழுவாக்கி, தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் வாசிப்பும் கணக்கும் நடத்துங்கள். மற்ற நேரத்தில் வயதொத்தவர்களோடு இருக்கட்டும். பெரிய பையனைச் சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுவதும் உட்கார வைத்தால் வெட்கத்தில் நின்றுவிடுவான்.

ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் பார்க்க வேண்டியிருந்தால், கொலம்பியாவில் 1970-களில் தொடங்கிய எஸ்குவேலா நுவேவா முறையை நினைவில் வையுங்கள். கிராமத்து ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்காகவே உருவானது. பிள்ளைகள் சிறு குழுக்களாக, தாங்களே படித்துச் செய்யும் பாடக் கையேடுகளை வைத்து அவரவர் வேகத்தில் போவார்கள். அதை அப்படியே கொண்டுவர முடியாவிட்டாலும் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வரமுடியாத நாளிலும் பிள்ளை செய்யக்கூடிய ஐந்து நாள் பயிற்சித்தாள் எப்போதும் தயாராக இருக்கட்டும். நிலைமை மோசமாகும் அறிகுறி தெரிந்தால் அன்று மாலையே வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம்.

"எங்க பக்கம்தானே சரி?"

இந்தக் கேள்வி வரும். சில நாள் கண்ணீரோடு வரும். பிள்ளை அண்ணனை இழந்திருப்பாள், வீடு எரிந்திருக்கும். அவளிடம் "இங்கே அதெல்லாம் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டால், அவள் வாழ்க்கையில் நடந்த மிகப்பெரிய விஷயத்துக்கு இந்தப் பள்ளியில் இடமில்லை என்று ஆகிவிடுகிறது. அதே நேரம் நீங்கள் ஒரு தலையசைப்புக் காட்டினாலும் மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

நான் சொல்லும் பதில் ஒன்றுதான். "உனக்கு நடந்தது நடந்திருக்கக்கூடாது. யார் சரி என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. நீ இங்கே பத்திரமாக இருக்க வேண்டும், அவனும் இருக்க வேண்டும்." எல்லாத் தரப்புப் பிள்ளைக்கும் இதே சொற்கள். தன்னார்வலர்கள் எல்லோரும் இதையே சொல்லும்படி பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நம் பதில்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பெற்றோர் வாயிலிருந்து வந்த வசையை வகுப்பில் ஒரு பிள்ளை திருப்பிச் சொன்னால் எல்லோர் முன்னும் கண்டிக்காதீர்கள். ஆளைத் தனியே கூப்பிட்டு, மற்றவர் கண்ணில் படும் இடத்திலேயே நின்று, அந்தச் சொல் யாரை எப்படிக் காயப்படுத்தும் என்று பேசுங்கள். சுவரில் ஒட்டும் பத்து விதிகளைவிட, எதிர்த் தரப்புப் பிள்ளைகள் இருவர் ஒரே பெஞ்சில் ஒரு நோட்டைப் பகிர்ந்து கணக்குப் போடுவது அதிகம் உதவுகிறது.

சத்தம் கேட்டால்

பயிற்சி கொடுங்கள், ஆனால் முன்னமே சொல்லிவிட்டுக் கொடுங்கள். திடீர்ப் பயிற்சி ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளையை நடுங்க வைக்கும். மணி ஒருமுறை அடித்தால் என்ன, விடாமல் அடித்தால் என்ன என்று முடிவு செய்து ஊருக்கும் சொல்லுங்கள்.

துப்பாக்கிச் சத்தமோ வெடிச்சத்தமோ கேட்டால் வெளியே ஓடக்கூடாது. ஜன்னலை விட்டு விலகி, வெளிப்புறத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்கும்படி உள்ளே போய், தரையோடு குனிய வேண்டும். அந்த இடத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து அடையாளம் போட்டுவிடுங்கள். கண்ணீர்ப்புகை வந்தால் கதை வேறு. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், அதனால் படுக்கக் கூடாது. ஜன்னலைச் சாத்தி, முடிந்தால் உயரமான இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கண்ணைக் கசக்க விடாமல் சுத்தமான தண்ணீர் நிறைய விட்டுக் கழுவுங்கள். இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள், ஆகவே இரண்டுக்கும் தனித்தனி மணி வையுங்கள்.

ஆயுதத்தோடு வருகிறவர்கள்

யாராக இருந்தாலும், சீருடையோ இல்லையோ, வாசலுக்கு வெளியே பேசுவதற்கு ஒருவரை நியமித்து வையுங்கள். நிதானமானவர், உள்ளூரில் மதிப்புள்ளவர். வாக்குவாதம் வேண்டாம். உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆயுதத்தோடு வர வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்கலாம். 2015 மே மாதம் ஆஸ்லோவில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனம், மோதல் காலத்தில் பள்ளிகளைப் படைகள் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. உங்கள் நாடு அதில் இருந்தால், அதிகாரிகளிடம் பேசும்போது அதைக் குறிப்பிடலாம். கோபத்தில் நிற்கும் ஒருவரிடம் வாசலில் அதை நீட்டிப் பயனில்லை.

அவர்கள் கட்டடத்தில் தங்கியே தீருவோம் என்றால் பிள்ளைகளை வெளியே எடுத்துவிடுங்கள். ஆயுதம் தங்கிய வளாகத்தில், பக்கத்து அறையில்கூட, ஒரு நாளும் வகுப்பு நடத்தாதீர்கள். ஒரு தரப்பு தங்கிய இடம் மறுதரப்புக்கு இலக்காகிவிடும்.

படங்களிலும் இதே கவனம் வேண்டும். பிள்ளைகளின் முகம், சுவரில் உள்ள பலகை, பின்னணியில் தெரியும் தெரு எதுவும் சமூக ஊடகத்துக்குப் போகக்கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியைப் பள்ளியிலிருந்து யாரும் அடுத்தவருக்கு அனுப்பக்கூடாது, "உண்மையா?" என்று கேட்டுக்கூட அனுப்பக்கூடாது. பள்ளிக்காரர் அனுப்பினார் என்பதாலேயே அது உண்மையாகிவிடும்.

பயந்த பிள்ளையோடு

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைச் சொல்கிறது. பார்ப்பது, கேட்பது, இணைப்பது. யாருக்கு உதவி தேவை என்று பார்க்கிறோம். பேச வந்தால் கேட்கிறோம். குடும்பத்தோடோ மருத்துவரோடோ இணைத்துவிடுகிறோம். நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்துவது இதில் கிடையாது. நல்ல எண்ணத்தில் "அன்று பார்த்ததை வரை" என்று தாளும் வண்ணமும் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பிடித்ததை வரையச் சொல்லுங்கள், அதுவாக வந்தால் வரட்டும்.

தினமும் ஒரே மாதிரி தொடங்குவது, ஒரே பாட்டு, ஒரே இடத்தில் உட்காருவது, குறித்த நேரத்தில் விளையாட்டு ஆகியவை மிகுந்த ஆறுதல் தரும். விளையாட்டு நேரத்தைப் பாடத்துக்காக வெட்டாதீர்கள். பல வாரம் தூக்கமில்லாமல், பேச்சில்லாமல், சாப்பாட்டில் நாட்டமில்லாமல் இருக்கும் பிள்ளையை மட்டும் வைத்தியம் தெரிந்தவரிடம் சேர்ப்பது உங்கள் கடமை.

தன்னார்வலர்களுக்கும் இது உண்டு. வாரம் ஒருநாள் கட்டாய விடுப்பு கொடுங்கள், எடுக்க மாட்டேன் என்பவருக்குத்தான் அது முதலில் தேவை. யாரும் பள்ளியில் தனியாக இரவு தங்கக்கூடாது. பணத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், மாதக் கணக்கைப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். பணம் யாரிடமிருந்து வந்தது என்ற சந்தேகத்திலேயே பள்ளிகள் மூடியிருக்கின்றன.

மூடியபின் திறக்கும்போது

நீண்ட அடைப்புக்குப் பிறகு திறக்கும் முதல் நாள் பாடம் வேண்டாம், தேர்வு கட்டாயம் வேண்டாம். எண்ணிப் பாருங்கள். யார் வரவில்லை என்பதுதான் அன்றைய வேலை. மூன்று நாளுக்குள் வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்விடுங்கள். அதைத் தாண்டினால், வளர்ந்த பெண் பிள்ளை வீட்டு வேலையிலும் வளர்ந்த பையன் கூலி வேலையிலும் நிலைத்துவிடுவார்கள். சில பையன்கள் ஆயுதம் பிடித்தவர்களோடு சுற்றத் தொடங்கியிருப்பார்கள். வீட்டில் திட்டாதீர்கள், கணக்குக் கேட்காதீர்கள். வேலை நேரத்துக்கு முன்போ பின்போ ஒரு மணி நேரம் வர முடியுமா என்று கேளுங்கள்.

ஊரைவிட்டே போன குடும்பங்கள் இருக்கும். அந்தப் பிள்ளை எதுவரை படித்தது என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, உறவினர் மூலம் அனுப்ப வழி பாருங்கள். போகும் ஊரின் பள்ளியில் சேர அது உதவலாம். அவர்களுடைய எண்ணைப் புதிதாக வரும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். அந்த வரி காலியாகவே இருக்கட்டும்.